கல்லடைப்பும் தலைவிதியும்
(ஆர்.கே.பேட்டைக் கூட்டத்தில் பேசியது)



கல்லடைப்பு வியாதியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறேன். விலாவில் கிளம்பி அடிவயிறு, தொடைச்சந்து வரையில் சுண்டி இழுக்கும் வலி, வாந்தி, மூத்திரத்தில் ரத்தம் ஆகியவை இதன் அடையாளங்கள். இவை வந்தவுடன் நம்மவர்கள் "பூர்வஜென்ம வினை" என்கிறார்கள், வேண்டுதல் வைக்கிறார்கள்.

வினை என்பது உண்மையா என்று பார்ப்போம். சுமார் 1930-ம் வருஷ வாக்கில், நம் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற டாக்டர் எலிகளைக் கொண்டு சோதனை செய்தார். சத்துக் குறைந்த ஆகாரம் தின்ற எலிகளுக்கு மூத்திரப்பாதையில் கல் உண்டாயிற்று. அந்த ஆகாரத்தோடு போதிய பால் சேர்த்தபோது கல் தடைப்பட்டது. தோழர்களே, அந்த எலிகள் எந்த ஜென்மத்தில் என்ன பாவம் செய்தன? பால் குடித்தவுடன் பாவம் எங்கே போயிற்று?

கல் என்பது மூத்திரத்திலுள்ள உப்பு உறைந்ததேயாகும். உப்பளத்தில் தண்ணீர் வற்றினால் உப்புப் பூக்கிறதல்லவா? தறிக்கொட்டகைப் புழுக்கத்தில் நாளெல்லாம் வேர்வை சிந்தி, தண்ணீர் குடிக்காதிருந்தால் உடம்புக்குள்ளும் அதே காரியம் நடக்கிறது.

சரி, "இன்னார் கொடுத்த சாற்றைக் குடித்தேன், இன்ன கோயிலுக்குப் போனேன், கல் விழுந்துவிட்டது" என்கிறார்களே, அது பொய்யா என்று கேட்பீர்கள். கல் விழுந்தது மெய்தான். ஆனால் 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமாகவே விழுந்துவிடக் கூடியவை. அதற்குரிய பெருமையை மற்றவர் வாங்கிக் கொள்ளுகிறார்கள். யூரிக் அமிலக் கல்லை மருந்தால் கரைக்க முடியும். பெருவாரியாக வருகிற கால்சியம் ஆக்ஸலேட் கல்லைக் கரைக்கும் மருந்து இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. வாழைத்தண்டுச் சாறும் அப்படியே.

இதில் காசு போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. வலி நின்றது கல் போனதற்குச் சாட்சியல்ல. குழாயை அடைத்த கல் அங்கேயே இருக்க, வலி மட்டும் அடங்கிவிடலாம். அப்போது சிறுநீரகம் வீங்கி, சத்தமில்லாமல் கெட்டுப் போகும். ஆகவே வலி நின்றாலும் ஸ்கேன் எடுத்துப் பாருங்கள். மூத்திரத்தையும் ரத்தத்தையும் சோதியுங்கள். வலியோடு குளிர்காய்ச்சல் வந்தாலோ, மூத்திரமே நின்றாலோ ஒரு இரவும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது உயிர் போகிற சங்கதி.

ஆபரேஷன் என்றால் வயிற்றைக் கிழிப்பார்களே என்று பயப்பட வேண்டாம். 1980-ம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து மியூனிக் நகரில், உடம்பைக் கீறாமல் வெளியிலிருந்து அதிர்ச்சி அலையால் ஒரு மனிதனின் கல்லை உடைத்துக் காட்டினார்கள். இன்று மூத்திரத் துவாரம் வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி லேசரால் உடைக்கிறார்கள். பெரிய கல்லை முதுகில் சிறு துளையிட்டு எடுக்கிறார்கள். கல்லின் அளவும் இடமும் பார்த்து எது தகும் என்று டாக்டர் சொல்லுவார்.

ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரக்கூடியது இது. ஆனதால் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் மூத்திரம் போகுமளவு தண்ணீர் குடிக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். சுண்ணாம்புச் சத்து என்று பயந்து பாலையும் மோரையும் நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால் கல் அதிகமாகவே வரும்.

"தண்ணீர் குடி" என்று ஆண்பிள்ளைக்குச் சொல்லுவது சுலபம். கொட்டகையில் வேலை செய்யும் பெண்மக்கள் ஒதுங்க இடமின்றி, வேண்டுமென்றே தாகத்தை அடக்குகிறார்களே, அவர்களுக்கு என்ன சொல்லுவது? 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே குடிதண்ணீரும் கக்கூசும் வைக்கச் சொல்லிற்று. பத்துப் பேருக்குக் குறைந்த சிறு கொட்டகைகள் அதற்குத் தப்பிக்கொண்டன. சட்டத்துக்குத் தப்பலாம், சிறுநீரகம் தப்புமா?

ஆகையால் தோழர்களே, கல்லுக்காக உண்டியலில் போட நினைக்கும் காசைக் கொட்டகைதோறும் ஒரு கக்கூசுக்கும் ஒரு தண்ணீர்ப் பானைக்கும் செலவு செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு, என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.