பால் பல்லும் படப் புத்தகமும்
(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேரன் பேத்திகளுக்கு என்ன படித்துக் காட்டலாம் என்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இதிஹாச புராணங்களைச் சொல்ல நம்மிடையே நல்ல வித்வான்கள் இருக்கிறார்கள். நான் சயன்ஸ் படித்துவிட்டு சர்க்கார் ஃபைல் பார்த்தவன். ஆகவே ஒரு சிறிய விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: பால் பல்.

பால் பற்கள் மொத்தம் 20. ஆறு வயது வாக்கில், பெரும்பாலும் கீழ் முன்பல்லில் ஆரம்பித்து, பன்னிரண்டு வயதுக்குள் ஒவ்வொன்றாக விழுகின்றன. விழுந்த பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேர் அநேகமாக இருக்காது. அடியிலிருந்து நிரந்தரப் பல் மேலே வர வர, பால் பல்லின் வேரை உடம்பே கரைத்துவிடுகிறது.

ஆனால் குழந்தைக்கு இதெல்லாம் தெரியாது. தன் உடம்பில் ஒன்று கழன்று விழுந்துவிட்டது என்ற பயம்தான் அதற்குத் தெரியும். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் 'ஓட்டைப் பல்' என்று கேலி. த, ந இரண்டும் நாக்கு மேல்பல்லின் அடியைத் தொடுவதால் பிறக்கின்றன; வ மேல்பல்லும் கீழ் உதடும் சேர்வதால் பிறக்கிறது. தொல்காப்பியர் பிறப்பியலில் சொன்ன கணக்கு இது. மேல் முன்பல் இரண்டும் இல்லாத குழந்தை வகுப்பில் எழுந்து வாசித்தால் உச்சரிப்பு குழறத்தான் செய்யும். நாலு பேர் சிரித்தால் போதும், அடுத்த முறை அது வாயைத் திறக்காது.

பல்லைக் காட்டிச் சிரிப்பது பற்றி பாகவதத்திலேயே இருக்கிறது. தக்ஷன் சிவனை நிந்தித்தபோது பூஷன் பல் தெரியச் சிரித்தான். யாகம் அழிந்தபோது அவன் பற்கள் போயின. பிறகு சிவன் இரங்கி, மாவாக அரைத்த ஆகாரம் அவனுக்குக் கிடைக்கும்படி செய்தார். தண்டனையோடு கதையை நிறுத்திவிடாமல் அந்த மாவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவது நம் பக்கத்து வழக்கம். இப்படிப் பல தேசங்களின் வழக்கங்களைத் திரட்டி, 'த்ரோ யுவர் டூத் ஆன் த ரூஃப்' என்று செல்பி பீலர் 1998-ல் ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். உலகம் முழுவதும் குழந்தைகளுக்குப் பல் விழுகிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

மீதிப் பாதிக்கு இன்னொரு புத்தகம். அமெரிக்கரான ராபர்ட் மெக்கிளாஸ்கி 1952-ல் எழுதி, படமும் வரைந்த 'ஒன் மார்னிங் இன் மெய்ன்'. சால் என்ற சிறுமிக்குப் பல் ஆடுகிறது. விழுந்த பல்லைத் தலையணைக்கு அடியில் வைத்து வேண்டிக்கொண்டால் நினைத்தது கிடைக்கும் என்பது அங்கே நம்பிக்கை. அப்பாவோடு கடற்கரைச் சேற்றில் சிப்பி தோண்டும்போது பல் விழுந்து தொலைந்தே போகிறது. அழுகை வருகிறது. கடல் பறவை உதிர்த்த இறகு ஒன்றைக் கண்டெடுத்து, அதை வைத்து வேண்டிக்கொள்கிறாள். பிறகு ஊருக்குள் போய் படகு மோட்டாரின் பழைய ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுகிறார்கள். அதைத் தங்கை ஜேனுக்குக் கொடுக்கச் சொல்கிறாள் சால். ஜேனுக்கு இன்னும் பல் ஆடும் வயதில்லை. வேண்டிக்கொள்ள அவளுக்கும் ஒன்று வேண்டுமே! உபதேசம் ஒரு வரி கூட இல்லை. தான் இழந்ததை வைத்து, இல்லாத இன்னொருத்தியை நினைத்துப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

இந்தப் புத்தகம்தான் வேண்டும் என்பதில்லை. நம் பெங்களூரில் 2004-ல் தொடங்கிய பிரதம் புக்ஸ் நிறுவனம், 2015-ல் ஸ்டோரிவீவர் என்ற இணையதளத்தை ஆரம்பித்தது. தமிழ், கன்னடம் உட்படப் பல பாஷைகளில் படக்கதைகளை அதில் இலவசமாகப் படிக்கலாம். வீட்டில் தமிழ் பேசியும் தமிழ் எழுத்துத் தெரியாத நம் குழந்தைகளுக்கு, படத்தைப் பார்த்துக்கொண்டே தாத்தா பாட்டி வாசிக்கக் கேட்பது எழுத்துக்கும் நல்ல ஆரம்பம்.

என் வேண்டுகோள் ஒன்றே. பல் விழுந்த குழந்தையைச் செல்லமாகக்கூட 'பொக்கை வாய்' என்று கூப்பிடாதீர்கள். நாம் வீட்டில் சொல்வதைத்தான் அது நாளைக்கு வகுப்பில் இன்னொரு குழந்தையிடம் சொல்லும். 'பல்லு போனால் சொல்லு போச்சு' என்பார்கள். பல் செட் கட்டிக்கொண்ட நமக்குத் தெரியாத கஷ்டமா? பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, குழறினாலும் முழுக்கப் படிக்க விட்டு, பொறுமையாகக் கேளுங்கள்.