காணாமற்போன வன்தட்டு



வகுப்பறையில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிடுகிறார். ஒரு பிள்ளையின் பெயருக்கு மட்டும் பதில் இல்லை. உடனே ‘வரவில்லை’ என்று குறித்துவிடலாம். ஆனால் பதில் வராததற்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். பிள்ளை உடல்நலமின்றி வீட்டில் இருக்கலாம். பள்ளிக்கு வந்தும், உள்ளே நுழையாமல் கதவுக்கு வெளியே நிற்கலாம். அல்லது, முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தும், ஆசிரியர் பேசும் மொழி புரியாததால் வாய் திறவாமல் இருக்கலாம். தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லித் தரும் நாம் இந்த மூன்று வகைப் பிள்ளைகளையும் கண்டிருக்கிறோம்.

இன்றைய பேச்சு மடிக்கணினியைப் பற்றியது. ஆனாலும் இந்தப் பதிவேட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விடுமுறையில் நாம் சிங்கப்பூரின் வடகோடியில் உள்ள செம்பவாங்கில் நம் அக்கா வீட்டுக்குச் சென்றிருந்தோம். அக்காவின் கணவர் அங்குள்ள கப்பல் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்து, ஓய்வு பெற்றபின் காலமானவர். அவர் 2021ஆம் ஆண்டு வாங்கிய மடிக்கணினி ஒருநாள் இயங்க மறுத்தது. திரையில் விண்டோஸ் வருவதற்குள் நின்று போகிறது; மீண்டும் தொடங்குகிறது; மீண்டும் நிற்கிறது. கல்லூரியில் படிக்கும் மருமகன், இயங்குதளத்தைப் புதிதாக நிறுவிவிடலாம் என்று யூஎஸ்பி குச்சியைச் செருகினான். எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும் பக்கம் வந்தது. அங்கே இருக்க வேண்டிய வன்தட்டின் பெயரைக் காணவில்லை. பட்டியல் வெறுமையாக இருந்தது.

“மாமா, தட்டு செத்துப்போச்சு போல. கடையிலயும் மாத்தச் சொல்லிட்டாங்க. புதுசு வாங்கிப் போட்டுடலாம்” என்றான் அவன்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, “அப்ப அதுல இருக்கிற அவரோட படமெல்லாம்?” என்று மட்டும் கேட்டார். பத்தாண்டுக் குடும்பப் படங்களும், பேரப்பிள்ளைக்காக அவர் சொல்லிப் பதிவு செய்து வைத்த கதைகளும் அந்தத் தட்டில்தான் இருந்தன. வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை.

நேயர்களே, இங்கேதான் நாம் பதிவேட்டை நினைக்க வேண்டும். பெயர் கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. அவ்வளவே நமக்குத் தெரியும். பிள்ளை இல்லை என்பது இன்னும் முடிவாகவில்லை.

முதற் சோதனை மிக எளியது. கணினியை அணைத்துவிட்டு, மீண்டும் தொடங்கும்போதே எஃப்2 விசையை அழுத்த வேண்டும். சில கணினிகளில் அது எஃப்10 ஆகவோ டெலீட் விசையாகவோ இருக்கும். அப்போது பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புப் பக்கம் திறக்கும். இது எந்த இயங்குதளத்தையும் சாராமல், கணினியோடு பிறந்தது. அந்தப் பக்கத்தில் வன்தட்டின் பெயரும் கொள்ளளவும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அங்கும் பெயர் இல்லையென்றால், பிள்ளை கதவுக்கு வெளியே நிற்கிறது, அல்லது வீட்டில் இருக்கிறது என்று பொருள். பழைய மடிக்கணினியில் தட்டின் இணைப்பு தளர்ந்திருக்கலாம். புதியவற்றில் சிறு பலகை போன்ற எஸ்எஸ்டி தன் பொருத்துமிடத்தில் சரியாக உட்காமல் இருக்கலாம். மின்சாரத்தை முற்றும் துண்டித்து, கழற்றி மீண்டும் பொருத்திப் பார்க்க வேண்டும். அதன் பிறகும், வேறொரு கணினியில் பொருத்தியும் தெரியவில்லை என்றால்தான் தட்டு பழுதென்று எண்ண இடமுண்டு.

நம் அக்கா வீட்டுக் கணினியின் பயாஸ் பக்கத்தில் வன்தட்டின் பெயர் தெளிவாக இருந்தது. அதாவது, பிள்ளை வகுப்பிலேயே இருக்கிறது. ஆசிரியருக்குத்தான் அதன் மொழி தெரியவில்லை.

இதை விளக்குவோம். 2020ஆம் ஆண்டு இறுதியில் வெளிவரத் தொடங்கிய இன்டெல் நிறுவனத்தின் பதினோராம் தலைமுறைச் சில்லுகளையும் அவற்றுக்குப் பின் வந்தவற்றையும் கொண்ட பல மடிக்கணினிகளில், விஎம்டி என்றொரு கட்டுப்பாட்டு அமைப்பு உண்டு. அது இயங்கும் நிலையில் இருந்தால், வன்தட்டு நேரே இயங்குதளத்தோடு பேசாது. விஎம்டியின் வழியாகவே பேசும். அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ள, இயக்கி எனப்படும் சிறு மென்பொருள் வேண்டும். விண்டோஸ் நிறுவும் குச்சியில் அந்த இயக்கி பல வேளைகளில் இருப்பதில்லை. ஆகவே தட்டு நலமாக இருந்தும் பட்டியல் வெறுமையாகிறது.

இது புதிய தொல்லையன்று. 2001ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவியவர்களுக்கு நினைவிருக்கும்: தொடக்கத்திலேயே எஃப்6 விசையை அழுத்தி, நெகிழ்தட்டிலிருந்து இயக்கியைக் கொடுத்தால்தான் சில வன்தட்டுகள் தெரியும்.

இதற்கு மாற்று இரண்டு. முதலாவது, மொழிபெயர்ப்பாளரை அழைத்து வருவது. வேறொரு கணினியில், மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, நமது மாதிரிக்கு உரிய இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் இயக்கியை எடுக்க வேண்டும். பலர் தவறுவது அடுத்த படியில். எடுத்த கோப்பை அப்படியே குச்சியில் போட்டால் பயனில்லை. அதை விரித்து, ஐஎன்எஃப் என்று முடியும் கோப்புகள் உள்ள உறையைக் குச்சியில் வைக்க வேண்டும். பிறகு வெறும் பட்டியல் உள்ள பக்கத்தில் ‘லோடு டிரைவர்’ என்பதை அழுத்தி, அந்த உறையைக் காட்டினால், சில நொடிகளில் தட்டின் பெயர் தோன்றும்.

இரண்டாவது, பயாஸ் பக்கத்தில் விஎம்டியையே நிறுத்திவிடுவது. இது சுருக்கமான வழி. ஆனால் எச்சரிக்கை வேண்டும். பழைய விண்டோஸ் தட்டில் இருந்து, அதையே தொடர்ந்து வைத்துக்கொள்ள விரும்பினால், இப்படி நிறுத்தியதும் அது தொடங்க மறுக்கலாம். இரண்டு தட்டுகளை ஒன்றாகச் சேர்த்து அமைத்திருக்கும் கணினியில் இதைத் தொடவே கூடாது.

மருமகன் இதைக் கேட்டதும் மகிழ்ந்து, “அப்ப இப்பவே போட்டுடலாம் மாமா!” என்று குச்சியை எடுத்தான். நாம் அவன் கையைப் பிடித்துக்கொண்டோம். ஏனெனில் ஆபத்து தொடங்குவதே தட்டு தெரிந்த பிறகுதான். காணாத தட்டை யாரும் அழிக்க முடியாது; கண்ட தட்டை ஒரே அழுத்தில் அழித்துவிடலாம். புதிதாக நிறுவும்போது பகுதிகளை நீக்கினால், அக்கா கேட்ட படங்கள் அதோடு போயின. பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

ஆகவே தட்டைக் கழற்றி, யூஎஸ்பி உறை ஒன்றில் பொருத்தி, மருமகனின் கணினியில் இணைத்தோம். அங்கே வேறொரு பூட்டு காத்திருந்தது. பிட்லாக்கர் எனும் முறையில் தட்டு முழுதும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தது. அதைத் திறக்க 48 இலக்க மீட்புக் குறியீடு வேண்டும். இது பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தானே சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால் உரிமையாளர் இப்போது இல்லையே!

அக்கா உள்ளே சென்று ஒரு பழைய நாட்குறிப்பை எடுத்து வந்தார். கப்பல் பட்டறையில் பழகிய பழக்கம்: ஒவ்வொரு கருவியின் எண்ணையும் எழுதி வைப்பார் அவர். கடைசிப் பக்கத்தில் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லும் அவர் கையெழுத்தில் இருந்தன. குறியீடு கிடைத்தது. தட்டு திறந்தது. படங்களையும் ஒலிப்பதிவுகளையும் இரண்டு இடங்களில் படி எடுத்தோம். அதன்பின்தான் தட்டை மடிக்கணினியில் மீண்டும் பொருத்தி, இயக்கியைக் கொடுத்து, விண்டோஸை நிறுவினோம். அன்றிரவு பேரப்பிள்ளை, தாத்தா சொன்ன நரிக் கதையைக் கேட்டுக்கொண்டே உறங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீகேட் நிறுவனம் 1982ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வன்தட்டுத் தொழிலைத் தொடங்கியது. பின்னர் உலகின் வன்தட்டுகளில் பெரும்பங்கு இத்தீவிலிருந்தே போன காலமும் உண்டு. செம்பவாங்கிற்கு அடுத்த உட்லண்ட்சிலும் அந்நிறுவனத்தின் ஆலை எழுந்தது. இதே சிங்கப்பூரில் இன்று ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. நலமாக இருந்தும் ‘செத்துவிட்டது’ என்று எறியப்படுவனவும் அக்குவியலில் இருக்கத்தான் செய்யும்.

எனவே நேயர்களே, மூன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். பட்டியலில் தட்டு இல்லையென்றால், முதலில் பயாஸ் பக்கத்தைப் பாருங்கள். தட்டு தெரிந்தபின், படி எடுக்காமல் எதையும் நீக்காதீர்கள். மீட்புக் குறியீட்டை இன்றே ஒரு தாளில் எழுதி, வீட்டில் மற்றொருவருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள்.

பெயர் கூப்பிட்டும் பதில் வரவில்லை என்றால், நல்லாசிரியர் உடனே கோடு போடமாட்டார், எழுந்துபோய்ப் பார்ப்பார்.