எந்தத் தெரு என்று கேட்டார்கள்

(படாளத்தில் அம்பேத்கர் பிறந்த நாளன்று மாலை நடந்த மாணவர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, அக்கா தங்கச்சிங்களே, முன்னால உக்காந்திருக்கிற எங்க ஆயாவே,

ஆயா நேத்து ராத்திரி என்னைக் கேட்டாங்க: “இன்னாடி, ஒரு வருஷம் பட்டணம் போயி படிச்சிட்டு வந்தியே, இன்னா ஆன?” முதுகலை முதல் வருஷம் முடிந்திருக்கிறது. கூடவே குரூப் 4 தேர்வுக்கும் படித்தேன். வேலை இன்னும் வரலை. நேத்து பதில் சொல்லாம படுத்துட்டேன். இன்னைக்கு உங்க எல்லார் முன்னாடியும் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பணக் கணக்கு. எங்கம்மா ஆலைக்குக் கரும்பு வெட்டப் போறவங்க. உதவித்தொகை வந்ததும் அடைச்சிடலாம்னு கடன் வாங்கித்தான் எனக்குக் கட்டணம் கட்டினாங்க. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் இருந்த காலத்தில், 1944இல், தொடங்கிய உதவித்தொகை அது. என் கைக்கு வந்தபோது வருஷமே முடிந்துவிட்டது. அதுவரைக்கும் வட்டி ஓடிச்சு. நமக்கு எல்லாம் சும்மா கிடைக்குதுன்னு பேசுறவங்க யாரும் இந்த வட்டியைக் கணக்குல சேர்க்கிறதில்லை.

அடுத்து, வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்பு. நேர்முகத் தேர்வில் எப்படி உட்காருவது, எப்படிக் கைகுலுக்குவது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து தன்னை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஒரு பெண்ணின் அப்பா ஆடிட்டர். ஒருத்தருடைய தாத்தா ஜட்ஜு. என் முறை வந்தது. “செங்கல்பட்டு பக்கம்” என்றேன். “செங்கல்பட்டுல எங்க?” “படாளம்.” “அப்பா என்ன செய்யறார்?” “விவசாயம்.” எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, தோழர்களே. எங்கப்பா விவசாயக் கூலி. அதுல ‘கூலி’யை முழுங்கிட்டேன்.

மூன்று பெண்கள் சேர்ந்து அறை தேடினோம். வீட்டுக்காரம்மா நல்லாத்தான் பேசினாங்க. கடைசியா, “படாளத்துல எந்தத் தெரு?” என்றார்கள். சொன்னேன். மறுநாள் போன் வந்தது, சொந்தக்காரங்களுக்கு விட்டாச்சுன்னு. ‘வாடகைக்கு விடப்படும்’ அட்டை அடுத்த வாரமும் அங்கேயே தொங்கியது. கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடாவுக்கு வேலைக்கு வந்த அம்பேத்கருக்கே தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் தங்கியிருந்தவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்க கிட்ட தடி வரலை, போன் வந்தது.

‘காலனி’ என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் சொல் போன பிறகும் ‘எந்தத் தெரு’ என்கிற கேள்வி இருக்குமே?

ஆக, இந்த ஒரு வருஷத்தில் நான் இரண்டு பாடம் படித்திருக்கிறேன். ஒன்று புத்தகத்தில் இருப்பது. இன்னொன்று, ஒளிவது. அதிக உழைப்பு இரண்டாவதற்குத்தான் போனது.

நமக்கு முன்னாடியே ஒளிந்து படித்தவர் ஒருவர் இருக்கிறார். நம்ம மதுராந்தகம் வட்டம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். கோயம்புத்தூர் கல்லூரியில் படித்த காலத்தில், சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து மற்ற பிள்ளைகளோடு விளையாடாமலே ஒதுங்கி இருந்ததை அவரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அப்படி ஒதுங்கி நின்றவர்தான் 1893 அக்டோபரில் நாலு பக்கத்தில் ஒரு பத்திரிகை தொடங்கினார். பேர் என்ன வைத்தார்? ‘பறையன்’. எந்தச் சொல்லை அவர் மறைச்சு வச்சாரோ அதையே முதல் பக்கத்துல அச்சடிச்சுட்டார்.

அந்தக் காலத்தில் ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமில்லாமல் இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. பறையர் மகாஜன சபை அதை எதிர்த்து 3412 பேர் கையெழுத்தோடு பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. தேர்வு இங்கே வந்தால் படித்த மேல்சாதியாரே அதிகாரிகளாகி நம்மை நசுக்குவார்கள் என்பது அவர்கள் வாதம். இதை வைத்து அவரை வெள்ளைக்காரனுக்கு ஆதரவானவர் என்று ஏசினவர்கள் உண்டு. குரூப் 4 புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்த எனக்கு வேற தோணிச்சு. தேர்வுன்னா மார்க் மட்டும் இல்லை. யார் நாற்காலியில உக்காந்து யாருக்குக் கையெழுத்து போடுறது என்கிற விஷயம் அது.

இதே செங்கல்பட்டின் கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் நம் மக்கள் நிலைமையை அறிக்கையாக எழுதினார். 1892இல் பஞ்சமி நிலத்துக்கு ஆணை வந்தது. அந்த நிலம் கை மாறியது. காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடியபோது 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டார்கள். நிலப் பதிவேடு கிராம நிர்வாக அலுவலர் கையில் இருக்கிறது. அந்த வேலைக்கு ஆள் எடுப்பதும் குரூப் 4 தேர்வில்தான். நாம அந்த நாற்காலிக்குப் போகணும். போய் உக்காந்ததும் தெருவை மறந்துட்டா போயும் பிரயோசனம் இல்லை.

அதனால ஒரு கோரிக்கை. பத்தாவது படித்திருந்தாலே இந்தத் தேர்வை எழுதலாம். 200 கேள்வி, 300 மார்க், பாதிக் கேள்வி தமிழ். சனி, ஞாயிறு சாயந்திரம் இதே இடத்துல உக்காருவோம். என் புத்தகங்கள் இங்கேயே இருக்கும். முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கான சான்றிதழை இப்பவே பள்ளிக்கூடத்துல கேட்டு வாங்குங்க. உதவித்தொகை விண்ணப்பத்தைச் சேர்ந்து நிரப்புவோம், தாமதமானா சேர்ந்து போய்க் கேட்போம். தனியா கேட்டதாலதான் நான் வட்டி கட்டினேன்.

ஆயா, நீ கேட்டதுக்கு வரேன். நான் இன்னும் ஒன்னும் ஆவலை. ஆனா அடுத்த தடவை அப்பா என்ன செய்யறார்னு கேட்டா விவசாயக் கூலின்னு முழுசா சொல்லுவேன். எந்தத் தெருன்னு கேட்டா சேரின்னு சொல்லுவேன். அறை கிடைக்காம போகலாம், வேலை தள்ளிப் போகலாம். பயமாத்தான் இருக்கு. ஆனா முழுங்கின வார்த்தை ஒரு வருஷமா தொண்டையிலேயே நிக்குது, ஆயா. அதைத் துப்பிட்டுத்தான் அடுத்த வருஷப் படிப்பைத் தொடங்கணும்.

ஜெய் பீம்.