காந்தலும் காந்தமும்



அடுப்பில் தீய்ந்த சோற்றைக் காந்தல் என்கிறது தமிழ். பசித்த வயிறும் காந்துகிறது. இரும்பை ஈர்க்கும் காந்தமோ, 'அன்புக்குரியது' என்னும் பொருளில் வடமொழி வழியே வந்த சொல். ஒலியால் நெருங்கிய இவ்விரண்டையும் ஒரே வேரில் பூட்டக் கவியுள்ளம் விழையும். மொழியியல் அதற்கு இடந்தராது. ஆயினும், சொல் மறுத்த உறவை இயற்கை வைத்திருக்கிறது.

காந்தம் என்பது அணுக்களின் ஒழுங்கு. வெப்பம் ஏற ஏற அவ்வொழுங்கு தளரும். செக்கச் சிவந்த இரும்பு காந்தத் தன்மையை இழப்பதையும், கொல்லன் வடக்கு தெற்காகக் கிடத்தி அடித்து ஆறவிட்ட இரும்பு காந்தமாவதையும் வில்லியம் கில்பர்ட் 1600ஆம் ஆண்டு நூலில் எழுதினார். பொருளுக்குப் பொருள் இந்த எல்லை வேறு என்பதை 1895இல் பியர் கியூரி ஆராய்ந்து காட்டினார். இரும்புக்கு அது 770 பாகை செல்சியசு.

பொருநைக் கரையின் குயவரும் இதனை அறியாமலே செய்தனர். களிமண்ணில் இரும்பின் நுண்துகள்கள் உண்டு. சூளையின் கனலில் அவை பழைய திசையை மறக்கின்றன. ஆறும்போது அவ்வேளையின் புவிக்காந்தத்தை ஏற்று இறுகுகின்றன. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோரும், பின்னர் அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்த தாழிகள் மாந்தரின் எலும்புகளை மட்டும் காக்கவில்லை. அவை சுடப்பட்ட நாளின் புவிக்காந்த வலிமையையும் காத்து நின்றன. ஆனால் தாழி சூளையிலிருந்து பெயர்ந்த பொருள். அன்றைய வடக்கு எங்கிருந்தது என்பதை அது சொல்லாது. அதனைச் சொல்ல வல்லது, வெந்த இடத்திலேயே கிடக்கும் சூளைத் தரை. அளந்து குறியாமல் ஒரு மண்வெட்டி அதனைப் பெயர்த்துவிட்டால், அத்திசை மீண்டும் கிட்டாது. புவிக்காந்தத்தின் இன்றைய அசைவுகளைத் திருநெல்வேலிக் கிருஷ்ணாபுரத்தின் ஆய்வகம் அளந்து வருகிறது. நேற்றைய ஏடு இம்மண்ணுக்குள் கிடக்கிறது.

குயவன் ஓர் இரவில் செய்ததை இன்றைய கருவி கண்ணிமைக்கு முன் செய்கிறது. இரும்பும் பிளாட்டினமும் கலந்த நுண்மணிகளை லேசர் ஒளி ஒரு கணம் சுட, காந்தமுனை அவற்றைத் திருப்புகிறது. ஆறியதும் எழுத்து நிலைக்கிறது. இம்முறையில் 30 டெராபைட் கொள்ளும் கணினி வட்டுகள் 2024இல் அறிவிக்கப்பட்டன.

அதனினும் வியப்பு ஒன்றுண்டு. கடோலினியம், இரும்பு, கோபால்ட் கலந்த உலோகப் படலத்தில் கடோலினியமும் இரும்பும் எதிரெதிராய் நிற்கும். வெளிக்காந்தம் ஏதுமின்றி, கடுவிரைவான வெப்பம் மட்டுமே அதன் திசையை மாற்றப் போதும் என்று 2012இல் ஓர் ஆய்வுக்குழு மெய்ப்பித்தது. சூடு பட்டதும் இரும்பு முந்தித் தளர்கிறது, கடோலினியம் பிந்துகிறது. நொடியின் இலட்சங்கோடியில் ஏறத்தாழ ஒரு கூறே நீளும் இடைவெளியில், பகைத்து நின்ற இரண்டும் ஒருதிசை நோக்குகின்றன. பின்னர் மீண்டும் எதிரெதிராகின்றன. ஆனால் இடம் மாறி.

கவிதைக்கும் கனல் வேண்டும். ஆயினும் பெரும்பாலான பொருள்களுக்குத் திசை தருவது கனல் அன்று. ஆறும்போது அருகில் நிற்பதே. பத்தாண்டுகளாக இளங்கவிஞர் பலர் தம் முதற்கனலோடு வந்து ஆறிய இடம் இவ்விலக்கிய வட்டம். அவ்வேளை அவர்களருகே எது நின்றது என்பதை அவர்தம் கவிதைகள் சொல்லும். சூளைத் தரையைப் போல அவற்றையும் நாளும் இடமும் குறித்துக் காப்பது இவ்வட்டத்தின் கடன்.