மழலை தாமதிக்கும்போது



பவணந்தி முனிவர் நன்னூலில் எழுத்துகளின் பிறப்பைக் கூறுமிடத்து, இதழ் இரண்டும் பொருந்தப் பகரமும் மகரமும் பிறக்கும் என்று வகுத்தார். 'அம்மா', 'அப்பா' என்னும் மழலைச் சொற்கள் அவ்விதழ்களில் பிறப்பவையே. பேச்சுப் பயிற்சியாளரும் பெரும்பாலும் கண்ணுக்குப் புலனாகும் இவ்வொலிகளிலிருந்தே தொடங்குகிறார்.

ஆயின் வாயில் பிறக்குமுன் ஒலி செவியுள் புக வேண்டும். இரண்டு வயது நிறைந்தும் 'பால் தா' என இரு சொற்களை இணைத்துக் கூறாத குழந்தைக்கு முதலில் வேண்டுவது செவித்திறன் சோதனை. கதவோசைக்குத் திரும்புவது போதிய சான்றன்று. வல்லோசை கேட்கும் செவிக்கும் 'ஸ்' போன்ற நுண்ணொலிகள் எட்டாதிருத்தல் கூடும்.

"இவன் தந்தையும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று பாட்டியார் தேற்றுவது அன்பினால்தான். அவ்வாறு தாமே பேசிவிடும் குழந்தைகளும் உளர். இக்குழந்தை அவர்களுள் ஒன்றா என்பதைக் காத்திருந்து அறிவதற்குள், மொழி எளிதிற் படியும் பருவம் கழிந்துவிடுகிறது. அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் சோதனையும் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

வாரம் ஓரிரு மணி நேரப் பயிற்சி மட்டும் போதாது. எஞ்சிய பொழுதெல்லாம் குழந்தை வீட்டாரிடமே இருக்கிறது. 'சொல், சொல்' என வற்புறுத்தாமல், அதன் முகத்துக்கு நேரே அமர்ந்து, அது நோக்கும் பொருளின் பெயரைக் கூறி, மறுமொழிக்காகச் சற்றே பொறுத்திருத்தல் வேண்டும்.