பலாசியில் போட்ட கையெழுத்து

இன்று பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

இன்னும் சற்று நேரத்தில் உங்கள் கைக்கு ஒரு தாள் வரப்போகிறது. உங்கள் பெயர், படித்த பாடம், ஆண்டு, வகுப்பு, கீழே ஒரு கையெழுத்து. வாழ்நாள் முழுக்க வரலாறு நடத்தியவன் நான். இப்படி ஒரு மேடையில் ஏறும்போதெல்லாம் எனக்கு வேறொரு தாள் நினைவுக்கு வரும். அதிலும் பெயர் இருந்தது. மூலையில் ஒரு புகைப்படம் ஒட்டியிருந்தது. கையெழுத்தும் இருந்தது, ஆனால் அதைப் போட்டவன் மாணவன். நாட்டின் விடுதலைக்காக உயிரையும் தரச் சம்மதித்தே இந்தப் பயிற்சியில் சேர்கிறேன், நான் இறந்தால் அதற்கு யாரும் பொறுப்பல்ல என்ற கருத்தில் இரண்டொரு வரி. 1971ஆம் ஆண்டு, மேற்கு வங்கத்தில் பாகீரதி ஆற்றங்கரையில், உங்கள் வயதுப் பிள்ளைகள் அதில் கையெழுத்திட்டார்கள். அவர்களில் பலர் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்கள்.

அவர்கள் ஏன் பாதியில் விட்டார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1971 மார்ச் 25ஆம் தேதி இரவு, பாகிஸ்தான் ராணுவம் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் டாக்கா நகருக்குள் இறங்கியது. முதலில் தாக்கப்பட்ட இடங்களில் ஒன்று டாக்கா பல்கலைக்கழகம். மாணவர் விடுதிகளுக்குள் புகுந்து சுட்டார்கள். பேராசிரியர்களை வீட்டிலேயே கொன்றார்கள். ஒரு பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது. அடுத்த மாதங்களில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்கு அகதிகளாக வந்தார்கள்.

அதே நேரத்தில் பிரான்சின் தென்கரையில், தூலோன் துறைமுகத்தில், பாகிஸ்தான் கடற்படைக்காகக் கட்டப்பட்ட 'மங்ரோ' என்ற புதிய நீர்மூழ்கிக் கப்பல் நின்றிருந்தது. அதன் மாலுமிகளில் சிலர் வங்காளிகள். ஊரில் நடந்ததை வானொலிச் செய்தியில் கேட்டார்கள். கைநிறையச் சம்பளம், அரிதான தொழில்நுட்பப் பயிற்சி, வெளிநாட்டு வாழ்க்கை எல்லாம் இருந்தும், மார்ச் மாதக் கடைசியில் ஒருவர் பின் ஒருவராகக் கப்பலை விட்டு நழுவினார்கள். ஸ்பெயின் நாட்டுக்குள் போய், மாட்ரிட் நகரில் இந்தியத் தூதரகத்தின் கதவைத் தட்டினார்கள். அங்கிருந்து ஏப்ரலில் இந்தியா வந்து சேர்ந்தவர்கள் எட்டுப் பேர். காஜி முகமது ரஹ்மத்துல்லா, அப்துல் வாஹித் சௌத்ரி, பதியுல் ஆலம் ஆகியோர் அவர்களில் சிலர். ஒரு கடற்படைச் சிறப்புப் படை இந்த எட்டுப் பேரை வைத்துத் தொடங்கியது. கப்பல் கிடையாது, சீருடை கிடையாது, இன்னும் நாடு கூடக் கையில் இல்லை.

அன்றைய இந்தியக் கடற்படைத் தளபதி அட்மிரல் நந்தா. கடற்படை உளவுப் பிரிவின் தலைவர் கேப்டன் மிகிர் ராய். களப்பொறுப்பு கமாண்டர் சமந்த் என்பவரிடம் வந்தது. சமந்த் தாமே நீர்மூழ்கி மாலுமி. 'கரஞ்ச்' நீர்மூழ்கியின் தலைவராக இருந்தவர். ஓடிவந்த எட்டுப் பேரின் தொழிலும் அவர் தொழிலும் ஒன்று. ஒரே தொழில் செய்பவர்கள் ஒருவரையொருவர் நம்ப அதிக நேரம் பிடிப்பதில்லை.

பயிற்சி முகாமுக்கு அவர்கள் தேர்ந்த இடம் பலாசி. ஆங்கிலேயர் வாயில் பிளாசி. 1757இல் வங்காள நவாப் சிராஜ் உத் தௌலா ஆங்கிலேயத் தளபதி கிளைவிடம் தோற்று, வங்காளம் கைமாறிய அதே இடம். பலாச மரம் நிறைந்த ஊர் என்பதால் அந்தப் பெயர். நாம் புரசு என்று சொல்கிறோமே, புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த மரம், அதுதான். 1971 மே மாதம் அங்கே கூடாரங்கள் எழுந்தன. முகாமின் மறைபெயர் சி-2-பி. வெளியே வங்காள விடுதலைப் படையின் பகுதித் தளபதிகளுக்குக் கூட அங்கே நடப்பது முழுதாகத் தெரியாது.

யாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? அகதி முகாம்களிலும் இளைஞர் முகாம்களிலும் போய், நீந்தத் தெரிந்தவர் யார் என்று கேட்டார்கள். ஆறும் காலும் ஓடையுமாகப் பின்னிக் கிடக்கும் நாட்டில் பிறந்த பிள்ளைகள். நடக்கும் வயதிலேயே நீந்தியவர்கள். எந்தச் சான்றிதழிலும் ஏறாத அந்தத் திறமையைத்தான் நாடு அன்று கேட்டது. பள்ளியும் கல்லூரியும் தந்தது இன்னொரு வகையில் உதவியது: கணக்குப் போடத் தெரிந்தவர்கள், வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள், நீரோட்டத்தின் வேகத்தையும் வேலியேற்ற நேரத்தையும் சொன்னால் புரிந்துகொள்பவர்கள். ஆற்றிலும் வகுப்பறையிலும் கற்றவை இரண்டும் ஒரே உடம்பில் இருந்த பிள்ளைகள் கிடைத்தார்கள்.

நான் நீந்தக் கற்றது எங்கள் ஊர்க் கிணற்றில். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி அப்பா தள்ளிவிடுவார். குடுக்கை இருப்பதால் முங்க மாட்டோம் என்ற தைரியத்திலேயே கைகால் பழகிவிடும். பலாசியில் நெஞ்சில் செங்கல்லைக் கட்டி ஆற்றில் இறக்கினார்கள். மிதக்கத் தெரிந்தவனை, கீழே இழுக்கும் பாரத்தோடு, சத்தமில்லாமல், கண்ணும் மூக்கும் மட்டும் நீருக்கு மேலே தெரிய, மணிக்கணக்கில் நீந்த வைத்தார்கள். இரவிலும் பகலிலும் பயிற்சி. அகதி முகாமின் பசியால் மெலிந்து வந்த உடம்புகள் என்பதால் முதலில் நல்ல சாப்பாடு போட்டுத் தேற்ற வேண்டியிருந்தது. இந்தியக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் கற்றுக் கொடுத்தார்கள். லெப்டினன்ட் கமாண்டர் ஜார்ஜ் மார்டிஸ் அவர்களை நடத்தினார். போர் முடிவதற்குள் நானூறு பேருக்கு மேல் அங்கே பயிற்சி பெற்றார்கள்.

அந்தச் செங்கல் எதற்காக? லிம்பெட் என்பது பாறையில் இறுகப் பற்றிக்கொள்ளும் ஒரு கடல் நத்தை. அதன் பெயரைத் தாங்கிய வெடி, காந்தத்தால் கப்பலின் இரும்புத் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதன் பாரத்துக்குப் பழகத்தான் செங்கல். அதைக் கம்சாவால், அதாவது நம் தோளில் போடும் துண்டு போன்ற துணியால், வயிற்றோடும் நெஞ்சோடும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். இடுப்பில் ஒரு கத்தி. காலில் ரப்பர் துடுப்பு. மூச்சுக் கருவி கிடையாது. முப்பது ஆண்டுகளுக்கு முன், 1941இல், அலெக்சாண்டிரியா துறைமுகத்தில் இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை முடக்கிய ஆறு இத்தாலிய வீரர்களிடம் நீருக்கடியில் ஓடும் ஊர்தி இருந்தது, மூச்சுக் கருவியும் இருந்தது. இந்தப் பிள்ளைகளிடம் இருந்தது நுரையீரல் ஒன்றுதான். கப்பலை அடைந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்து முங்க வேண்டும். சேற்றுத் தண்ணீரில் கண் தெரியாது. கையால் தடவித்தான் எல்லாம். கப்பலின் அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் அப்பியிருக்கும். கத்தியால் அதைச் சுரண்டி, இரும்பு கையில் தட்டுப்பட்ட பிறகே காந்தம் பிடிக்கும். மேலே தளத்தில் காவலாளி நடக்கிறான். கீழே இருட்டில் ஒரு பையன் கப்பலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான்.

பொறியியல் மாணவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள். வெடியைத் தூண்டும் முனையில் தண்ணீரில் கரையும் ஒரு அடைப்பு உண்டு. அது அரை மணி நேரம் போலத்தான் தாங்கும். ஆனால் கரையிலிருந்து கப்பலுக்கு நீந்தவே அதற்கு மேல் ஆகும். வழியிலேயே வெடித்தால் நீந்துபவன் கதி என்ன? விடையாகக் கிடைத்தது ஆணுறை. அதை முனையில் மாட்டி, கப்பலில் ஒட்டிய பிறகு உருவி எடுத்தார்கள். கடைத்தெருவில் சில காசுக்குக் கிடைக்கும் ரப்பர் உறை அந்தப் பிள்ளைகளின் உயிரைக் காத்தது.

ஆகஸ்ட் மாதத் தாக்குதலுக்கு நான்கு துறைமுகங்கள் குறிக்கப்பட்டன: கடல் துறைமுகங்களான சிட்டகாங், மோங்லா; ஆற்றுத் துறைமுகங்களான சாந்த்பூர், நாராயண்கஞ்ச். அந்த ஆண்டு தொடக்கத்தில் ஒரு விமானக் கடத்தலுக்குப் பிறகு இந்தியா தன் வான்வழியைப் பாகிஸ்தானுக்கு மூடிவிட்டது. மேற்குப் பாகிஸ்தானிலிருந்து கிழக்குக்கு எதை அனுப்புவதானாலும் இலங்கையைச் சுற்றித்தான் போக வேண்டும். விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பின. கனரகத் தளவாடங்கள் கடல் வழியே வந்து, ஆறுகள் வழியே உள்ளே போயின. ஆகவே அந்த நாட்டில் ஒரு ராணுவத்தின் தொண்டைக்குழி துறைமுகம்தான்.

நான்கு இடத்திலும் ஒரே இரவில் அடிக்க வேண்டும். கைப்பேசி இல்லாத காலம். கம்பியில்லாத் தந்தி வைத்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். குழுத் தலைவர்களிடம் ஆளுக்கொரு டிரான்சிஸ்டர் ரேடியோ தரப்பட்டது. ஆகாசவாணியின் கல்கத்தா நிலையத்தில் இரண்டு பாட்டுகள். முதல் பாட்டு பங்கஜ் மல்லிக் பாடியது. அது ஒலித்தால் தயாராகு என்று பொருள். இரண்டாவது, தன் பொம்மையை முதன்முறையாக மாமியார் வீட்டுக்கு அனுப்பிவைக்கும் ஒரு சிறுமியின் பாட்டு; அது கேட்டால் தாக்கக் கிளம்பு. பொருள் தெரிந்தது தலைவனுக்கு மட்டுமே. ஆகஸ்ட் 13ஆம் தேதி முதல் பாட்டு வந்தது. மறுநாள் இரண்டாவது. எத்தனையோ வீடுகளில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே அடுப்படியில் வேலை செய்திருப்பார்கள். சிட்டகாங்குக்கு அருகே ஒளிந்திருந்த அப்துல் வாஹித் சௌத்ரிக்கு அது கட்டளை.

அவரோடு புறப்பட்டவர்கள் அறுபது பேர், மூன்று குழுக்களாக. ஒரு குழு, இருபது பேர், நேரத்துக்கு வந்து சேரவில்லை. மிஞ்சிய நாற்பதில் ஒன்பது பேர் கர்ணபுலி ஆற்றங்கரையில் நின்று, என்னால் முடியாது என்றார்கள். முப்பத்தொருவர் இறங்கினார்கள்.

அந்த ஒன்பது பேரைப் பற்றி வகுப்பில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "ஐயா, அவங்க கோழைங்களா?" இல்லை அம்மா என்றேன். அவர்களும் பலாசியில் செங்கல் கட்டி நீந்தியவர்கள். அதே தாளில் கையெழுத்திட்டவர்கள். ராணுவம் சல்லடை போட்ட ஊர்களின் வழியே நடந்து, உயிரைப் பணயம் வைத்துக் கரைவரை வந்தவர்கள். அந்தக் கறுத்த தண்ணீர் முன்னால் அவர்கள் உண்மையைச் சொன்னார்கள். முடியாதவன் இறங்கி நடுவழியில் சத்தம் போட்டிருந்தால் மற்றவர்களும் மாண்டிருப்பார்கள். தலைவர் அவர்களை விட்டுவிட்டுப் போனதில் எனக்கு அவர்மீது மரியாதை கூடுகிறது.

ஆகஸ்ட் 16 அதிகாலை, ஒன்றே முக்கால் மணி தொடங்கி வெடிகள். சிட்டகாங்கில் 'அல் அப்பாஸ்', 'ஹோர்முஸ்' என்ற இரண்டு கப்பல்களும், தளவாடம் ஏற்றிய ஒரு பெரிய படகும் மூழ்கின. இன்னும் பல சேதமாயின. மற்ற மூன்று துறைமுகங்களிலும் அதே இரவு. கிழக்கில் எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த அரசின் சொல் அந்த ஒரே இரவில் தண்ணீருக்குள் போயிற்று.

பிறகு வந்த இரவுகள் அப்படி அமையவில்லை. காவல் இறுகியது, பிடிபட்டவர்கள் சித்திரவதைப்பட்டார்கள், ஆற்றில் இறங்கியவர் சிலர் திரும்பவில்லை. கல்கத்தா துறைமுகத்தின் இரண்டு படகுகளில் பீரங்கி பொருத்தி, 'பத்மா', 'பலாஷ்' என்று பெயரிட்டுச் சின்னஞ்சிறு கடற்படை ஒன்றையும் உண்டாக்கினார்கள். டிசம்பர் 10ஆம் தேதி குல்னா அருகே அவை இரண்டையும், பகைவர் படகு என்று தவறாக எண்ணி, இந்திய விமானங்களே குண்டு வீசி எரித்தன. பலாஷின் எஞ்சின் அறையில் இருந்தவர் ருஹுல் அமீன். படகை விட்டுக் குதிக்க மறுத்து எஞ்சினைக் காக்கப் போராடி, காயத்தோடு கரையேறி, அங்கே பாகிஸ்தான் ராணுவத்துக்குத் துணைநின்ற ரசாக்கர்களின் கையில் மாண்டார். வங்கதேசத்தின் மிக உயர்ந்த வீர விருது பெற்ற ஏழு பேரில் அவரும் ஒருவர். அன்று உடன்போன இந்திய மாலுமி சிமன் சிங் யாதவுக்கும், தப்பியவர்களை மீட்ட சமந்துக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. படகுகள் எரிந்த ஆறு நாளில் போர் முடிந்தது.

இந்தியக் கடற்படை தனக்கென்று நிலையான சிறப்புப் படையை 1987இல்தான் தொடங்கியது. பலாசிக் கதை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வாய் திறக்கப்படாமலே கிடந்தது. சமந்த் தம் நினைவுகளைப் பத்திரிகையாளர் சந்தீப் உன்னித்தனோடு சேர்ந்து எழுதினார். 2019இல் அந்த நூல் வந்தது, அதே ஆண்டில் அவர் காலமானார். அதில் சில பெயர்கள் கிடைக்கின்றன, டாக்காவில் எழுதப்பட்ட நூல்களில் இன்னும் சில. நானூறு சொச்சம் பேரின் பெயரையும் நான் எங்கும் சேர்த்துப் படித்ததில்லை. கர்ணபுலியில் இறங்கிய முப்பத்தொருவரை யாரும் மேடையில் நிறுத்தி, தந்தை பெயரோடும் ஊர்ப் பெயரோடும் அழைத்தார்களா என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

துணைவேந்தர் அவர்களே, என் பேச்சு முடிந்தது. இன்று பட்டம் பெறும் இந்தப் பிள்ளைகளின் பெயர்களை ஒன்று விடாமல், அவசரப்படாமல், முழுப் பெயராக வாசிக்கச் சொல்லுங்கள். நானும் உட்கார்ந்து கேட்கிறேன்.