நாவல்கள் கொடுக்கும் வாக்கு

நாவல் என்னும் ஒரே பெயரைத் தாங்கிப் பல வேறு இனத்து நூல்கள் நம்மிடம் வருகின்றன. மர்மக் கதையும் நாவல். மன்னர் கதையும் நாவல். ஒரு கிராமத்து வைத்தியரின் முதுமையைச் சொல்வதும் நாவல். இவை யாவற்றையும் ஒரே கோலால் அளந்து, இது உயர்ந்தது, இது தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூறும் வழக்கம் கற்றோரிடையே வேரூன்றியிருக்கிறது. அவ்வழக்கம் வாசகனுக்கு நன்மை செய்யவில்லை என்பது நமது எண்ணம். ஒவ்வொரு வகை நாவலும் முதற் சில பக்கங்களிலேயே வாசகனுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிடுகிறது. அந்த வாக்கு யாது, அது காப்பாற்றப்பட்டதா என்பதே நாம் கேட்கத்தக்க கேள்வி. நம் நாட்டு மொழிகள் சிலவற்றின் நாவல்களைப் பற்றி இவ்வகையில் நமக்குத் தோன்றிய கருத்துக்களை நேயர்கள் முன் வைக்கிறோம். அவை ஒரு வாசகனின் கருத்துக்கள். பேராசிரியர்களின் முடிபுகள் அல்ல.

முதலில் மர்ம நாவலை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காசியில் வாழ்ந்த தேவகிநந்தன் கத்ரி, இந்தியில் 'சந்திரகாந்தா' என்ற நாவலை எழுதினார். காட்டுக் குத்தகை எடுத்து, பாழடைந்த கோட்டைகளிடையே திரிந்த அனுபவம் அவருக்கு உண்டு. கதையில் இளவரசனும் இளவரசியும் இருக்கிறார்கள் என்பது மெய்யே. ஆயினும் கதையை நடத்துகிறவர்கள் அவர்களல்லர். 'ஐயார்' எனப்படும் மாறுவேட ஒற்றர்களே நடத்துகிறார்கள். ஒரு பை, அதில் சில மருந்துகள், வேடம் புனைவதற்குரிய சாமான்கள். இவைகளே அவர்களுடைய படைக்கலங்கள். பூதமோ தெய்வமோ வந்து காரியத்தை முடித்துவைப்பதில்லை. மாயக் கோட்டையாகத் தோன்றுவதும் இறுதியில் பொறிகளாலான கோட்டையாகவே தெரியவருகிறது. மர்ம நாவல் கொடுக்கும் வாக்கு இதுதான்: உன்னை ஏமாற்றுவேன், ஆனால் எவ்வாறு ஏமாற்றினேன் என்பதைப் பின்னர் சொல்லிவிடுவேன். கத்ரி அதைக் காப்பாற்றுகிறார். மயக்க மருந்தை ஒருமுறையேனும் முகராத பாத்திரத்தை அந்நூலில் தேடிப் பிடிப்பது சற்றுக் கடினம் என்ற குறை மட்டும் நமக்கு உண்டு.

இந்தி இலக்கிய வரலாற்றை எழுதிய ராமச்சந்திர சுக்லர் இந்நாவலைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொன்னார். இதைப் படிப்பதற்காகவே பலர் இந்தி கற்றனர் என்பது ஒன்று. இவ்வகை நூல் இலக்கியம் என்ற தரத்தில் சேராது என்பது மற்றொன்று. எழுத்துக் கூட்டிப் படிக்கும் உழைப்பை ஒருவனுக்கு இன்பமாக மாற்றிய நூலுக்கு வாசலிலே திண்ணையும், உள்ளே செல்லத் தடையும்! இந்த நியாயத்தை நம்மால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. பின்னர் வந்த சமூக நாவலாசிரியர்களுக்கு வாசகர் கூட்டத்தைத் திரட்டி வைத்தவர்களுள் கத்ரி முதன்மையானவர்.

இதற்கு நேர்மாறாக, கற்றோர் எளிதில் மன்னித்துவிடும் சரித்திர நாவலிடத்தில்தான் நமக்கு அச்சம் மிகுதி. மர்ம நாவலின் பொய்யை எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. சரித்திர நாவலின் பொய்யோ நாளடைவில் சரித்திரமாகவே மனத்தில் தங்கிவிடுகிறது. பங்கிம் சந்திரர் 1882-இல் நூலாக வெளியிட்ட 'ஆனந்த மடம்' 1770-ஆம் ஆண்டின் வங்கப் பெரும்பஞ்சத்தைப் பின்னணியாகக் கொண்டது. வெறிச்சோடிய ஊரை விட்டு மகேந்திரனும் கல்யாணியும் கைக்குழந்தையோடு புறப்படும் தொடக்கப் பகுதிக்கு இணையாகப் பஞ்சத்தை எழுதிய பக்கங்கள் மிகச் சிலவே. அங்கே மன்னருமில்லை, வீரருமில்லை. பசி ஒன்றே இருக்கிறது. கதை காட்டுக்குள் புகுந்து சந்நியாசிகளின் போராகும்போது, நாட்டில் வாழும் ஒரு சமூகத்தார் முழுவதும் பகைவராகத் தீட்டப்படுகின்றனர். அந்நூலிலுள்ள நாட்டுப் பாடலின் பெருமை வேறு, அந்நூலின் இக்குறை வேறு. இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்துப் படிக்க வாசகனால் முடியும், முடியவேண்டும்.

பகைவன் இல்லாமலே சரித்திர நாவல் எழுத இயலும் என்பதற்குச் சான்று குர்ரதுலைன் ஹைதர் உருதுவில் 1959-இல் வெளியிட்ட நாவல். சௌரி அதனை 'அக்னி நதி' என்று தமிழாக்கியுள்ளார். மௌரியர் காலத்தையொட்டித் தொடங்கி நாட்டுப் பிரிவினைக்குப் பின்வரை அது செல்கிறது. கௌதமன், சம்பா, கமால் என்ற அதே பெயர்கள் நூற்றாண்டுகள்தோறும் மீண்டும் பிறந்து வருகின்றன. படிக்க எளிய நூலன்று. இடையிடையே மூச்சு வாங்குகிறது. எனினும் இரண்டாயிரம் ஆண்டுகளை ஒருவருக்கே உரியதென்று எழுதிக் கொடுக்க அந்நூல் மறுக்கிறது. சரித்திர நாவல் கொடுக்கவேண்டிய வாக்கு அதுவே என்று கருதுகிறோம்.

இனி நகைச்சுவை நாவல். சிரிப்பு மூட்டும் நூலைக் கனமற்றது என்று எண்ணுவோர் பக்கீர் மோகன் சேனாபதியின் ஒரியா நாவலைப் படிக்கவேண்டும். 1897 தொடங்கி 'உத்கல சாகித்திய' என்ற இதழில் தொடராக வந்து, 1902-இல் நூலாயிற்று. அதன் பெயரே ஒரு நிலத்தின் அளவு: ஆறு மாணமும் எட்டுக் குண்டமும். பகியா, சாரியா என்ற நெசவாளத் தம்பதிகளுக்கு உரிய அந்த நிலத்தின்மீது ராமச்சந்திர மங்கராஜ் என்ற ஜமீன்தாரின் கண் விழுகிறது. பிள்ளைப்பேறு வேண்டி அம்மனுக்குக் கோயில் கட்டும்படி அவர்களைத் தூண்டி, அதற்காகக் கடன் கொடுத்து, நிலத்தைக் கவர்ந்துகொள்கிறார். பின்னர் நடப்பதைச் சொல்ல நெஞ்சு துணியாது. இத்தனையையும் ஆசிரியர் மங்கராஜைப் புகழ்ந்துகொண்டே சொல்கிறார் என்பதுதான் விந்தை! ஏகாதசி தவறாமல் உபவாசமிருக்கும் புண்ணியவான் அவர். ஏகாதசி இரவுகளில் அவருடைய படுக்கையறைக்குப் பாலும் பழமும் செல்வதையும், விடிந்ததும் பாத்திரங்கள் காலியாகத் திரும்புவதையும் கண்டதாக நாவிதன் ஒருவன் சொல்கிறானாம். அத்தகைய வதந்தியை நம்பலாகாது என்று ஆசிரியர் மெத்த நியாயங்கள் எடுத்துக்காட்டி வாதாடுகிறார். வாதம் நீள நீள மங்கராஜின் மானம் தேய்ந்துகொண்டே போகிறது. திட்டியிருந்தால் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும். நாவல் முடியும்போது நம் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் அந்தச் சிரிப்பில்லாவிடில் அவ்வளவு துயரத்தை நாம் படித்திருக்கவே மாட்டோம்.

இவ்வழியில் வந்தது ஸ்ரீலால் சுக்லரின் 'ராக் தர்பாரி'. 1968-இல் வெளிவந்து, 1969-இல் சாகித்திய அக்காதெமிப் பரிசு பெற்ற இந்தி நாவல். சிவபால்கஞ்ச் என்ற சிற்றூரில், கல்லூரியையும் கூட்டுறவுச் சங்கத்தையும் பஞ்சாயத்தையும் வைத்தியர் ஒருவர் தம் திண்ணையிலிருந்தபடியே ஆள்கிறார். இந்நாவலில் நம் மனத்தை விட்டு அகலாதவன் லங்கட் என்னும் நொண்டி. தாசில் கச்சேரியில் ஒரு பத்திரத்தின் நகல் வேண்டி அவன் நடந்துகொண்டேயிருக்கிறான். கைக்கூலி கொடுப்பதில்லை என்பது அவன் விரதம். பெறாமல் கொடுப்பதில்லை என்பது குமாஸ்தாவின் விரதம். இருவரும் இதனை ஒரு தருமயுத்தமாகவே நடத்துகின்றனர். முதலில் நாம் சிரிக்கிறோம். பிறகு கச்சேரி வாசலில் காத்து நின்றவர்களெல்லாம் வரிசையாக நினைவுக்கு வருகிறார்கள்.

காதல் நாவலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956-இல் மலையாளத்தில் வெளிவந்தது. சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தால் நம்மவர்க்கும் அறிமுகமானது. கறுத்தம்மா, பரீக்குட்டி காதலை எல்லோரும் போற்றுகிறார்கள். நம்மைக் கவர்ந்ததோ அவள் தந்தை செம்பன்குஞ்ஞு. பரீக்குட்டியின் பொருளை வாங்கித் தோணியும் வலையும் தேடிக்கொண்டு, திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் போகிறவர் அவர். கடலைவிடவும் அந்தத் தீராத கடனே காதலரைப் பிரித்தது என்று சொல்ல நமக்குத் துணிவுண்டு. காதல் நாவலாசிரியர் பலர் தம் நாயகன் எதை உண்டு வாழ்கிறான் என்பதையே எழுதுவதில்லை. தகழி எழுதினார்.

எல்லா வகையிலும் கடினமானது கருத்துப்போர் நாவல் என்று எண்ணுகிறோம். ஆசிரியர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் அது பிரசாரம். இரு பக்கமும் சாயாவிட்டால் பட்டிமண்டபம். தாராசங்கர் பந்தோபாத்தியாயர் வங்கத்தில் 1953-இல் வெளியிட்ட 'ஆரோக்கிய நிகேதன்' இவ்விரு பள்ளங்களுக்கும் தப்பியது. தமிழில் த. நா. குமாரஸ்வாமி அதனை ஆக்கித் தந்தார். ஜீவன் மசாய் நாடி பார்ப்பதில் வல்லவர். நோயாளிக்கு முடிவு நெருங்கியதை அறிந்தால் அதைச் சொல்லிவிடுவது தம் மரபின் கடமை என்று நம்புகிறவர். ஊருக்கு வந்த இளம் டாக்டர் பிரத்யோதனோ அதைக் கொடுமை என்கிறார். இறுதி மூச்சு வரையில் போராடுவதே மருத்துவம் என்பது அவர் கொள்கை. இருவரில் யார் பக்கம்? பிழைக்கமாட்டாளென்று கிழவர் கருதிய மூதாட்டி ஒருத்தி மருத்துவமனையில் குணமடைந்து திரும்பும்போது நாம் டாக்டரின் பக்கம். தம் சொந்த மகனின் நாடியிலும் மரணத்தையே கண்டு, அதை மறைக்கமாட்டாமல், மனைவியின் தீராத கசப்பை ஆயுள் முழுவதும் சுமந்த தந்தையை எண்ணும்போது கிழவரின் பக்கம்.

நோயாளியிடம் உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்பது இன்றும் ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உறவினர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளும் அந்தப் பேச்சை நாம் அறிவோம். அப்போது உதவுவதற்கு அறநூல்கள் இருக்கின்றன. அவை விடையைச் சொல்லிவிடுகின்றன. இந்த நாவல் விடை சொல்வதில்லை. சொன்னவரின் வீட்டில் பின்னர் என்ன நிகழ்ந்தது என்பதைக் காட்டுகிறது.

கடைசியாக, எந்த வகையில் சேர்ப்பது என்று நமக்கே தெரியாத ஒரு நாவல். விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் 'ஆரண்யக்' 1939-இல் வெளிவந்தது, த. நா. சேனாபதியின் தமிழில் அது 'வனவாசி'. கதைச் சிக்கல் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. கல்கத்தாவில் வேலை கிடைக்காத சத்தியசரண் என்ற இளைஞன், பீகாரின் காட்டுப் பகுதியில் ஒரு ஜமீனின் நிர்வாகியாகச் செல்கிறான். முதலில் தனிமை அவனை வருத்துகிறது. பின்னர் அந்தக் காடே அவனை ஆட்கொள்கிறது. அவனுடைய உத்தியோகமோ, அந்தக் காட்டைக் குடியானவர்களுக்குத் துண்டு துண்டாகப் பட்டா செய்துகொடுத்து அழிப்பது! எதை நேசிக்கிறானோ அதைத் தன் கையெழுத்தாலேயே ஒழிக்கிறான்; ஒழித்துவிட்டு, பல ஆண்டுகளுக்குப் பின் உட்கார்ந்து அதை எழுதுகிறான். ஆசிரியரும் பாகல்பூர்ப் பகுதியில் அத்தகைய உத்தியோகம் பார்த்தவரே.

அந்தக் காட்டில் யுகலபிரசாத் என்றொருவர் வருகிறார். எங்கெங்கிருந்தோ பூங்கொடிகளையும் விதைகளையும் கொண்டுவந்து, எவருக்கும் உரிமையில்லாத காட்டில், எவரும் கேளாமலே நட்டுவைப்பது அவர் வேலை. கூலியில்லை, புகழில்லை, அவற்றைக் காண ஆளுமில்லை. சத்தியசரண் அவரோடு சேர்ந்து சரஸ்வதி குண்டம் என்ற ஏரிக்கரையில் செடிகளை நடுகிறான். பட்டா கேட்டு வருவோரிடமிருந்து அந்த ஓர் இடத்தை மட்டுமாவது காப்பாற்றிவைக்க, இயன்ற மட்டும் நாள் கடத்துகிறான்.